விருதுநகர் போய்வர நாற்பத்தாறு

2023 ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை, ஆடி பதினெட்டு. காலை பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள், சிவகாசி சாத்தூர் சாலையில் உள்ள ஒரு டயர் கடையில், ஒரு வெள்ளை பொலிரோவுக்கு நான்கு டயர்கள் புதிதாக மாற்றப்பட்டன. கழற்றியவற்றின் பக்கவாட்டில் 215/75 R15 என்று இருந்தது. மாட்டியவற்றில் 205/65 R15 என்று இருந்தது. பின்கதவில் தொங்கிய ஸ்டெப்னி தேயாமல் இருந்ததால் அதை யாரும் தொடவில்லை.

வண்டி, திருத்தங்கலில் டெய்லி காலண்டர் போடும் தனுஷ்கோடிக்குச் சொந்தம். ஒன்பது வருஷமாக அதை ஓட்டும் அருள்பாண்டி அன்று குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தான். முதலாளியின் மகன் ஹரிபிரசாத்தான் அப்பாவை உட்காரவைத்துக் கடைக்கு ஓட்டிப்போனான். மறுநாள் வேலைக்கு வந்த அருள்பாண்டி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் தாழ்ந்தாப்ல இருக்கே மொதலாளி" என்றான். "புது டயர் அப்படித்தாம்லே இருக்கும்" என்றார் தனுஷ்கோடி. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அருள்பாண்டியின் மனைவி பாண்டிலட்சுமிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து தேதித்தாளும் சேர்த்துத் தைத்துத் தகரம் அடித்த கட்டுகள் அவள் மேஜைக்கு வரும். அவளும் சண்முகத்தாயும் இன்னும் நாலு பெண்களும் அவற்றை இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கிச் சணல் போட்டுக் கட்டவேண்டும். கையால் எண்ணுவதில்லை. எண்ணினால் சீசன் வேலை ஓடாது. மேஜை ஓரத்தில் ஒரு குச்சி நிற்கும். இருபத்தைந்து கட்டின் உயரத்துக்கு அறுத்த வேப்பங்குச்சி. அடுக்கு குச்சியின் தலையைத் தொட்டால் இருபத்தைந்து.

போன வருஷம் அந்தக் குச்சி அவர்களைத் திருடிகளாக்கியது. தாள் வந்த லோடு ஒன்று கொஞ்சம் தடிமன். விரலால் தடவினால் தெரியாது. ஆனால் முந்நூற்று அறுபத்தைந்து தாள் சேர்ந்து, அப்படி இருபத்துநான்கு கட்டு சேர்ந்ததுமே குச்சி நிறைந்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர், அடுக்குக்கு ஒன்று குறைகிறது என்று போன் போட்டார். நான்கு நாள் சாயங்காலம் வாசலில் பெண்களின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து அனுப்பினார்கள். "திருடிட்டுப் போயி என்ன செய்ய? வருசத்துக்கு ஒரு காலண்டருதான. வீட்டுக்கு ஒண்ணு போதாதா?" என்று சண்முகத்தாய் காவல்காரரிடம் சண்டை போட்டாள். கடைசியில் முதலாளி மனைவி பொன்னுத்தங்கம் தரையில் உட்கார்ந்து தன் கையால் எண்ணிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. புதுக் குச்சி அறுத்து வைத்தார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்தப் பொன்னுத்தங்கம்தான் அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மத்தியானம் பாண்டிலட்சுமியைத் தாள் குடோனுக்குள் கூப்பிட்டாள். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. உள்ளே மைவாசனை. வண்டியின் கிலோமீட்டர் நோட்டு அவள் கையில் இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் புறப்படும்போது மீட்டர் என்ன, திரும்பும்போது என்ன என்று அருள்பாண்டி எழுதி வைக்கும் நோட்டு.

"ஒன் வீட்டுக்காரரு விருதுநகர் போகையில வழியில எங்கயும் ஒதுங்குறாகளா?"

"இல்லம்மா. எதுக்கும்மா கேக்கீக?"

"இங்கருந்து விருதுநகர் போய்வர நாப்பத்தாறு. நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து நாப்பத்தாறுதான். ரெண்டு மாசமா அம்பது எழுதுறாரு. ஒருநா ரெண்டுநா இல்ல, போற அன்னைக்கெல்லாம் அம்பது." பொன்னுத்தங்கம் நோட்டை மூடினாள். "மொதலாளி வேற மாதிரி நினைக்காக. நான் ஒண்ணும் நினைக்கல. கேட்டு வையி."

மேஜைக்குத் திரும்பிய பாண்டிலட்சுமியின் முகத்தைச் சண்முகத்தாய் பார்த்துவிட்டாள். சண்முகத்தாயிடம் ஒன்றைச் சொல்லாமல் இருக்கலாம், மறைக்க முடியாது. புளிச்சோற்றைப் பிரித்துக்கொண்டே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"நாலு கிலோமீட்டரு. அப்பம் உள்ள ரெண்டு, வெளிய ரெண்டு" என்றாள்.

"எதுக்கு உள்ள?"

"எனக்கென்னத் தெரியும். ஆமத்தூரு தாண்டுனா ஒத்தப்பனை வெலக்கு. வெலக்குலருந்து ஊருக்கு ரெண்டு கிலோமீட்டரு. நான் கணக்குத்தான் சொல்றேன்."

அவள் சொன்னது கணக்கு இல்லை. அந்த விலக்கில் மெயின் ரோட்டை விட்டு இறங்கி உள்ளே போனால் செல்லக்கனியைக் கட்டிக்கொடுத்த ஊர். செல்லக்கனி அருள்பாண்டியின் தாய்மாமன் மகள். அவனுக்குத்தான் என்று சின்ன வயதிலிருந்து பேசி, ஜாதகம் சேரவில்லை என்று விட்டுப்போனது. அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாசத்துக்கு ஒருதரம் வருவான். இவ்வளவும் சண்முகத்தாய்க்கும் தெரியும், மேஜையில் இருந்த மற்ற நாலு பேருக்கும் தெரியும். எல்லோரும் சோற்றை உருட்டினார்கள்.

அன்று சாயங்காலம் அருள்பாண்டி விருதுநகரிலிருந்து பொரித்த பரோட்டா வாங்கி வந்திருந்தான். முன்னெல்லாம் அது வந்தால் பாண்டிலட்சுமிக்குச் சந்தோஷம். இப்போது பொட்டலத்தின் சூட்டை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். நேரே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சூடு இருக்காதா என்று தோன்றியது.

"ரெம்ப லேட்டோ?"

"ரயில்வே கேட்டு பூட்டிட்டான்."

"தெனமும் பூட்டுறானா?"

"ரயிலு தெனமும் வரும்ல." அவன் சால்னாவை ஊற்றிப் பரோட்டாவைப் பிய்த்தான். "என்ன புதுசாக் கேள்வி?"

"மொதலாளியம்மா கேட்டாக. அம்பது எழுதுறீகளாம்."

அவன் கை நின்றது. "மீட்டர் அம்பதுங்குது, நான் அம்பது எழுதுறேன். நாப்பத்தாறுன்னு பொய்யா எழுதச் சொல்றாகளா?"

"மீட்டரு எப்படிக் கூடக் காட்டும்? ரோடு அதே ரோடுதான?"

"அதத்தான் நானும் கேக்கேன்" என்றான். மறுபடியும் பரோட்டாவைப் பிய்த்தான். குற்றம் செய்யாதவன் இந்த இடத்தில் கத்துவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் கத்தாதது அவளுக்குள் முள்ளாக நின்றது. அவனோ ஒரு மாதமாகவே அந்த நாலை மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரியாது.

அடுத்த புதன்கிழமை, ரேஷன் கார்டு வேலை என்று லீவு சொல்லிவிட்டுப் பாண்டிலட்சுமி விருதுநகர் பஸ்ஸில் ஏறி ஒத்தப்பனை விலக்கில் இறங்கினாள். மணி ஒன்பதரை. பனைக்கு உச்சி கருகியிருந்தது. எப்போதோ இடி விழுந்திருக்கவேண்டும். எதிரில் தகரக் கூரை போட்ட நிழற்குடை. பக்கத்தில் ஒரு கிழவர் சாக்கு விரித்து வெள்ளரிக்காய் விற்றார். ரெண்டு வாங்கி, உப்புத் தொட்டுத் தின்றபடி, சேலைத்தலைப்பைத் தலையோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பட்டாசு கம்பெனி வேன்கள் பெண்களை அடைத்துக்கொண்டு போயின. மேற்கே மேகம் கறுத்தது, பெய்யவில்லை.

பத்து மணி வாக்கில் ஊர்ப்பக்கமிருந்து ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். நிழற்குடையில் ஏறியவள் உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களா? இங்கன எதுக்கு உக்காந்திருக்கீக?"

செல்லக்கனி. பாண்டிலட்சுமி அவளைப் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். கன்னம் ஒட்டியிருந்தது. நகக்கண்ணில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி கழுவியும் போகாமல் மின்னியது.

"ஆடு பாக்க வந்தேன்" என்றாள் பாண்டிலட்சுமி. வாயில் வந்தது அதுதான்.

"ஆடா? தீவாளிக்கு முந்தி யாராவது ஆடு வாங்குவாகளா? கொள்ள வெல சொல்லுவானே. யாரு வீட்டுல?"

"ஒருத்தர் சொன்னாக. வர்றேன்னாக. ஆளக் காணல. நீ வேலைக்குப் போகலையா?"

"கம்பெனியில இன்ஸ்பெக்சன். நாலு நாளாப் பூட்டிக் கெடக்கு. சின்னவளுக்குக் காய்ச்சலு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்புனேன்." குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். "அத்தான் நல்லாருக்காகளா? எங்க தம்பி மகன் காதுகுத்துல பாத்தது. இந்த ரோட்டுலதான் ஓட்டுறாகன்னு சொல்றாக, ஒருநா வீட்டுக்கு வந்ததில்ல. சொல்லுங்க, கோவிச்சுக்கிட்டேன்னு."

பாண்டிலட்சுமி பதில் சொல்லுமுன் திருத்தங்கல் பக்கமிருந்து வெள்ளை பொலிரோ வந்தது. பின்கதவில் ஸ்டெப்னி, அதன் உறையில் கம்பெனி பேர். வேகம் குறையவில்லை. அருள்பாண்டி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு போனான். தகரக் கூரையில் மண் பறந்து விழுந்தது.

"என்ன வெரசாப் போறான், எடுபட்ட பய" என்றாள் செல்லக்கனி, குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டே. வண்டியையும் அவளுக்குத் தெரியவில்லை, ஓட்டுகிறவனையும் தெரியவில்லை.

செல்லக்கனிக்குப் பஸ் வந்தது, போய்விட்டாள். பாண்டிலட்சுமி எழுந்திருக்கவில்லை. போகும்போது திரும்பாதவன் வரும்போது திரும்பலாம். ஒன்றே முக்காலுக்கு வண்டி திரும்பி வந்தது. அப்போதும் திரும்பவில்லை.

மறுநாள் மேஜையைத் துடைக்கும் சாக்கில் ஆபீஸ் ரூமுக்குப் போய் நோட்டைப் புரட்டினாள். அக்டோபர் 11, விருதுநகர். போனது வந்தது கழித்தால் ஐம்பது.

அவளுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்தது பாதிதான். செல்லக்கனி இல்லை, சரி. அப்படியானால் அந்த நாலு எங்கே? விருதுநகரைத் தாண்டி எங்கேயோ போயிருக்கலாம். பஜாரிலிருந்து ரெண்டு கிலோமீட்டரில் எத்தனை தெரு, எத்தனை வாசல். சந்தேகம் ஒரு வீட்டைக் காலி செய்தால் அடுத்த வீட்டில் குடியேறிவிடுகிறது.

தனுஷ்கோடிக்கு இருந்த சந்தேகம் வேறு. அடுத்த திங்கட்கிழமை புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். நெற்றி நிறைய விபூதி, மேஜையில் அடுத்த வருஷக் காலண்டரின் முதல் பிரதி. அவருக்கு எண்களில் நம்பிக்கை அதிகம். போன் நம்பரைக் கூட்டினால் ஆறு வரும். வண்டி நம்பரைக் கூட்டினால் ஆறு வரும். வீட்டுக் கதவு எண் பதினேழு, கூட்டினால் எட்டு, அது சனிக்குரியது என்று முனிசிபாலிட்டியில் ஆள் பிடித்து 17/1 என்று மாற்றி எழுதிக்கொண்டவர்.

"ஏலே அருளு, ஒன்பது வருசம். நான் ஒன்ன ஒரு வார்த்த கேட்டிருப்பேனா?"

"இல்ல மொதலாளி."

"போன தீவாளிக்கு ஒருத்தன் கம்பெனி கார்ல மதுரைக்குப் பட்டாசு பார்சல் ஏத்திட்டுப் போயி மாட்டுனான். மொதலாளிக்கே தெரியாது. அந்தக் காரு இன்னைக்கும் ஸ்டேசன் வாசல்ல துருப்பிடிச்சுக் கெடக்கு. சீசன்ல நாலு கிலோமீட்டரு கூட ஓடுதுன்னா நான் என்னன்னு நினைக்க?"

"சத்தியமா நான் எதையும் ஏத்தல. மீட்டருல கோளாறு இருக்கும்."

"மெக்கானிக்கக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். மீட்டரு சுத்தமா இருக்குங்கான்."

அருள்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். தனுஷ்கோடி பாண்டிலட்சுமியைப் பார்த்தார். "நீ சொல்லுத்தா. எங்க போறான்?"

ஒத்தப்பனையில் உட்கார்ந்து பார்த்தேன், வண்டி திரும்பவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் எதற்கு உட்கார்ந்தாய் என்று பக்கத்தில் நிற்பவன் கேட்பான். "தெரியல மொதலாளி" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு அருள்பாண்டி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"சரி. வர்ற திங்கக்கெழம ஆயுத பூஜை. வண்டியக் கழுவிப் பூஜையப் போட்டுட்டு சாவியக் குடுத்துரு. போலீசு அது இதுன்னு நான் போகல. ஆனா கேக்குறவுகளுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்."

கடைசியாகச் சொன்னதுதான் தண்டனை. பட்டாசு ஏற்றிய டிரைவர் என்று பேர் விழுந்தால் சிவகாசியிலும் சாத்தூரிலும் எவனும் சாவியைக் கையில் கொடுக்கமாட்டான். அருள்பாண்டிக்கு வேறு தொழில் தெரியாது.

அந்த ஒரு வாரமும் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது, சோறு வெந்தது, பேச்சு இல்லை. "நீயும் தெரியலன்னுட்ட" என்று மட்டும் ஒருதரம் சொன்னான். அவள் அடுப்பைத் தணித்தாள்.

அக்டோபர் 23, ஆயுத பூஜை. கம்பெனி முற்றத்தில் மாவிலை கட்டியிருந்தது. அச்சு மெஷினுக்கும் தாள் வெட்டும் மெஷினுக்கும் பொட்டு வைத்தாயிற்று. பொரியும் கடலையும் சுண்டலும் பெரிய அண்டாவில் தயாராக இருந்தன. பெண்கள் அவரவர் மேஜைச் சாமான்களைத் துடைத்து வைத்தார்கள். பாண்டிலட்சுமி அளவுக்குச்சியைக் கழுவி, தலையில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். "வையி வையி, நம்மளத் திருடியாக்குன தெய்வம்ல" என்றாள் சண்முகத்தாய்.

குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே பாண்டிலட்சுமி முற்றத்தைப் பார்த்தாள். அருள்பாண்டி வண்டியைக் கழுவி முடித்துவிட்டு, பின்கதவிலிருந்து ஸ்டெப்னியைக் கழற்றி, உறையை எடுத்து, தேய்த்துக் கழுவி, பின் டயருக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தான். ஐந்து டயருக்கும் பொட்டு வைக்கவேண்டும் என்று வரிசையாகக் குனிந்து வந்துகொண்டிருந்தான்.

வருஷம் முழுக்க அடுக்கின் தலையும் குச்சியின் தலையும் சமமா என்று பார்த்த கண் அவளுடையது. சாய்த்து வைத்த டயரின் தலை மற்றதைவிட மேலே நின்றது. கிட்டே போய்ப் பார்த்தாள். மூன்று விரல்கடை.

"இது எதுக்கு ஒசரமா இருக்கு?"

"பழசு. அந்த நாலும் புதுசு" என்றான், நிமிராமல்.

"பழசு தேஞ்சு கொறையத்தான செய்யும். எப்படி ஒசரும்?"

"அளவு வேற. சின்னதப் போட்டுட்டாக. வண்டி தாழ்ந்துருக்குன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

"மீட்டரு எதப் பாத்து எண்ணுது?"

"சக்கரம் சுத்துறதப் பாத்து."

"ரோட்டப் பாத்து இல்லையா?"

"ரோட்ட எப்படிப் பாக்கும்? சுத்துத்தான் அதுக்குத் தெரியும். அதுக்கென்ன இப்பம், டயரு மாறுனா ரோடு நீளுமா?"

குச்சிக்கும் கட்டு எத்தனை என்று தெரியாது. உயரம்தான் தெரியும். மேஜையிலிருந்து சணல் உருண்டையைக் கொண்டுவந்தாள். ஸ்டெப்னியைச் சுற்றிச் சணலைப் பிடித்து முடிச்சுப் போட்டு அறுத்தாள். மாட்டியிருந்த பின் டயரைச் சுற்றிச் சணல் போகாது. ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னாள். அவன் முறைத்துக்கொண்டே தூக்கினான். அதைச் சுற்றியும் அளந்து அறுத்தாள். இரண்டு சணலையும் ஒரு முனையில் சேர்த்துப் பிடித்து உதறினாள். மறுமுனையில் முக்கால் சாண் வித்தியாசம் தொங்கியது.

அருள்பாண்டி அந்த முக்கால் சாணைப் பார்த்துக்கொண்டே நின்றான். அப்புறம் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நல்ல நேரம் பார்த்துத் தனுஷ்கோடி குடும்பத்தோடு முற்றத்துக்கு வந்தபோது வண்டி ஜாக்கியில் நின்றது. பூஜைத் தட்டில் தேங்காய், பழம், நடுவில் வண்டிச் சாவி. "என்னலே, இன்னும் எறக்கலையா?" என்றார்.

பாண்டிலட்சுமி பொன்னுத்தங்கத்தின் முன்னால் போய் நின்று இரண்டு சணலையும் நீட்டினாள். "அம்மா, இது பழைய டயரு. இது இப்பம் ஓடுற டயரு. ஒரு சுத்துக்கு இம்புட்டுக் கொறையுது. அதே தூரம் போக இது கூடச் சுத்தணும். மீட்டரு சுத்தத்தான் எண்ணுது, பழைய டயருன்னு நினைச்சு எண்ணுது. போன வருசம் நம்ம குச்சி எண்ணுன மாதிரி."

பொன்னுத்தங்கம் சணலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். குச்சி என்ற சொல் அவளுக்குப் போதுமாக இருந்தது. "ஹரி, அந்த நோட்ட எடுத்துட்டு வா."

"விருதுநகருக்கு மட்டும் பாக்காதீகம்மா" என்றாள் பாண்டிலட்சுமி. "எல்லாத்தையும் பாருங்க."

ஹரிபிரசாத் படித்தான். சிவகாசி போய்வரப் பத்து, பதினொன்று எழுதியிருந்தது. சாத்தூர் நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு. மதுரை நூற்று நாற்பது, நூற்று ஐம்பத்திரண்டு. கிட்டப் போனால் கொஞ்சம், தூரப் போனால் நிறைய. எல்லாம் ஆடி பதினெட்டுக்கு அப்புறம்.

"எல்லா ரோட்டுலயுமா ஒரு செல்லக்கனி இருப்பா" என்று சண்முகத்தாய் பின்னாலிருந்து முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

தனுஷ்கோடி விடவில்லை. "அளவு சரி. அதுக்காக இவன் எங்கயும் போகலன்னு ஆயிருமா?"

பாண்டிலட்சுமி சணலைச் சுருட்டிக்கொண்டாள். புருஷனைப் பார்க்காமல் சொன்னாள். "பதினொண்ணாந் தேதி ஒத்தப்பனை வெலக்குல நான் உக்காந்து பாத்தேன் மொதலாளி. காலையிலயும் பாத்தேன், வரையிலயும் பாத்தேன். வண்டி திரும்பல. நோட்டுல அன்னைக்கும் அம்பதுதான்."

அருள்பாண்டி ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான். முதலாளி தன்னைச் சந்தேகப்பட்டபோது இல்லாத ஒன்று அந்த முகத்தில் வந்தது.

"அப்பா" என்றான் ஹரிபிரசாத், மெல்ல. "அன்னைக்கு கடையில நீங்கதான பழைய டயரு நம்பரக் கூட்டி எட்டு வருதுன்னு வேண்டாம்னீங்க. இது ஆறு வருதுன்னு எடுத்தோம்."

தனுஷ்கோடி குனிந்து ஸ்டெப்னியின் பக்கவாட்டைப் பார்த்தார். உதடு அசைந்தது. இரண்டும் ஒன்றும் ஐந்தும், ஏழும் ஐந்தும், ஒன்றும் ஐந்தும். இருபத்தாறு, எட்டு. நிமிர்ந்தவர் தட்டிலிருந்த சாவியை எடுக்கவில்லை. "நேரம் போகுது. எறக்கி எலுமிச்சம்பழத்த வையிலே" என்றார்.

வியாழக்கிழமை தனுஷ்கோடியை ஏற்றிக்கொண்டு அருள்பாண்டி டயர் கடைக்கு ஓட்டிப்போனான். பொன்னுத்தங்கம் சொல்லிப் பாண்டிலட்சுமியும் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கடைக்காரர் கண்ணுச்சாமி முந்திக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன் அண்ணாச்சி. நீங்க பதினொன்றரைக்குள்ள மாட்டணும்னு நின்னீக. எட்டு வராத பதினஞ்சு ரிம்மு டயரு எதுன்னு கேட்டீக. இருந்தது இன்னோவா அளவு."

"ரிம்முல ஏறுச்சுல்ல. ஏறுனா பொருந்துனதுதான?"

"காலரு பொருந்துனா சட்ட பொருந்துனதாகுமா?" கண்ணுச்சாமி பழைய டயரின் எழுத்தைத் துணியால் துடைத்தார். "இருநூத்திப் பதினஞ்சுங்கிறது அகலம், மில்லிமீட்டரு. எழுபத்தஞ்சுங்கிறது பக்கச்சுவரு ஒசரம், அந்த அகலத்துல நூத்துக்கு எழுபத்தஞ்சு. பதினஞ்சு ரிம்மு, அது இஞ்சு. மூணும் மூணு அளவு. இதக் கூட்டுறது பருப்பையும் சேலையையும் சேத்துக் கூட்டுன மாதிரி. இதுக்குப் பக்கத்துல இருக்கே, இந்த நூறு, இதுதான் நீங்க பாக்க வேண்டிய நம்பரு. ஒரு டயரு எண்ணூறு கிலோ தாங்கும். நீங்க போட்டுருக்கது அறுநூத்தி எழுபது. காலண்டரு பண்டல அதுல ஏத்திக்கிட்டு மதுர ரோட்டுல போயிருக்கீக. ரெண்டரை மாசம் ஒண்ணும் ஆகாதது ஒங்க நேரம்."

"என் நேரந்தான்" என்றார் தனுஷ்கோடி. அதில் அவருக்குத் திருப்தி. "ஆனா எட்டு வேண்டாம். வேற சொல்லு."

"கம்பெனி சொன்ன அளவு இதுதான் அண்ணாச்சி. இதப் போடுங்க."

"வேற."

கண்ணுச்சாமி அருள்பாண்டியைப் பார்த்தார். அருள்பாண்டி வெளியே ரோட்டைப் பார்த்தான். "எரநூத்தி முப்பத்தஞ்சு எழுபத்தஞ்சு இருக்கு. இதவிடப் பெருசு. எடை நல்லாத் தாங்கும். ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சாக் கொஞ்சம் ஒரசும்."

தனுஷ்கோடி விரல்விட்டுக் கூட்டினார். இருபத்தெட்டு, பத்து, ஒன்று. சூரியன். "இதப் போடு. ஸ்டெப்னியும் சேத்து அஞ்சு."

"பெருசு போட்டா மீட்டரு கொறச்சுக் காட்டும். இப்பமே சொல்லிட்டேன்."

"கொறச்சுக் காட்டுனா நல்லதுதான" என்றார் தனுஷ்கோடி.

திரும்பி வந்து முதலாளியை வீட்டில் இறக்கிவிட்டு, கம்பெனிக்குப் போகும் வழியில் அருள்பாண்டி முதல்முறையாகக் கேட்டான்.

"எத்தன மணிக்கு உக்காந்த?"

"ஒம்பதரைக்கு."

"ஒண்ணே முக்கால் வரைக்கும்."

"ஆமா."

"தண்ணி கொண்டு போனியா?"

"வெள்ளரிக்கா வாங்கித் தின்னேன்."

அவன் கியரை மாற்றினான். வண்டி முன்னைவிட உயரமாக நின்றதால் அவளுக்கு ரோடு கொஞ்சம் தள்ளித் தெரிந்தது.

இப்போது விருதுநகர் போய்வர மீட்டர் நாற்பத்துநான்கு காட்டுகிறது. தனுஷ்கோடி நோட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கண்டித்த பிறகு டிரைவர் ஒழுங்காகிவிட்டான் என்று தெரிந்தவர்களிடம் சொல்கிறார். விருதுநகர் லோடு உள்ள நாட்களில், போகும்போது ஒருதரமும் வரும்போது ஒருதரமும், பாண்டிலட்சுமியின் போன் அடிக்கிறது. அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எடுக்கிறாள். "ஒத்தப்பனை தாண்டியாச்சு" என்று சொல்லிவிட்டு அருள்பாண்டி போனை வைத்துவிடுகிறான்.